முழங்கால் உயரத்தில் மாட்டிய வரைபடம்

மாமனார்: இன்னும் கீழ... இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: இதுக்கும் கீழன்னா தரைதான் மாமா.

மாமனார்: தரைக்கும் இதுக்கும் நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு. இறக்குங்க.

மாப்பிள்ளை: படம்னா கண்ணு மட்டத்துல மாட்டுவாங்க. இதை யாராவது பார்க்கணும்னா உட்கார்ந்துதான் பார்க்கணும்.

மாமனார்: உட்கார்ந்தே பார்க்கட்டும். வீட்டுக்கு வர்றவங்க நின்னுக்கிட்டேவா இருக்கப் போறாங்க? அதோட, சின்னப் பிள்ளைங்க கண்ணுலயும் படணும். அடுத்த தலைமுறைக்கு இந்த மேப்பு எட்டணும் இல்லையா?

மாமியார்: தவழ்ந்துக்கிட்டிருக்கிற தலைமுறைக்கா?

மாமனார்: நீ டீயை வச்சிட்டுப் போ.

மாமியார்: வச்சாச்சு. போகத்தான் மாட்டேன். மாப்பிள்ளை, ஒரு கையில சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில டம்ளரை எடுத்துக்கோங்க. இவர் இடம் பார்த்து முடிக்கறதுக்குள்ள ஆறிப் போயிடும்.

மாப்பிள்ளை: இருக்கட்டும் அத்தை... மாமா, இந்த மேப்பு எங்க பிரிண்ட் போட்டீங்க? எங்க ஆபீஸ்ல கொடுத்தது இவ்வளவு பெருசு இல்லையே.

மாமனார்: நானே போட வச்சேன். நாளைக்கு உங்களுக்குப் பாராட்டு விழா. வந்தவங்க அப்படியே தலைவர் வீட்டுக்கும் வருவாங்க. இங்க ஒரு மேப்பு தொங்க வேண்டாமா?

மாப்பிள்ளை: "திருத்திய வெள்ள அபாய வரைபடம்"... சரி. அதுக்குக் கீழ என்ன... "ஆக்கம்: நகர் நலச் சங்கத் தலைவரின் மூத்த மருமகன்". இந்த வரி எங்க மேப்புல கிடையாதே மாமா.

மாமனார்: உங்க ஆபீஸ்காரங்க விட்டுட்டாங்க. நான் சேர்த்தேன்.

மாப்பிள்ளை: மூத்த மருமகனா? உங்களுக்கு ஒரே பொண்ணுதானே?

மாமனார்: ஒருத்தர்னாலும் மூத்தவர்தானே.

மாப்பிள்ளை: இந்த நீலமும் இவ்வளவு கறுப்பா இருக்காது.

மாமனார்: அது... நம்ம நகர் வெள்ளையா இருக்கிறது எடுப்பா தெரியல. சுத்தி இருக்கிறவங்களைக் கொஞ்சம் அழுத்தமாப் போடுன்னு பிரிண்ட் போடறவன்கிட்ட சொன்னேன்.

மாமியார்: பஸ் ஸ்டாண்டு பக்கம் குடியிருக்கிறவங்களை எல்லாம் இவரே முக்கிட்டு வந்துட்டார்.

மாமனார்: இங்க பாரு, உனக்கு இதோட அருமை தெரியாது. பழைய மேப்புல நம்ம நகர்ல பாதி நீலம். வீடு பார்க்க வர்றவன் மேப்பைத்தான் முதல்ல விரிப்பான். "சார், உங்க தெருவுல படகு விடுவாங்களா"ன்னு ஒருத்தன் என்னையே கேட்டான். இன்னைக்குப் பாரு. நாலு பக்கமும் நீலம், நடுவுல நாம மட்டும் முட்டை மாதிரி. நாளைக்கு நான் பேசப் போறதைக் கேளுங்க மாப்பிள்ளை... "பழைய வரைபடம் நம்மைத் தவளைகளோடு சேர்த்து வைத்தது. புதிய வரைபடம் நம்மை மனிதர்களாக..."

மாப்பிள்ளை: மாமா... இங்க ஆணி நிக்கல.

மாமனார்: நிக்காம?

மாப்பிள்ளை: ஓட்டை போட்டா சுவர் மாவு மாதிரி கொட்டுது. கொஞ்சம் மேல அடிக்கட்டுமா? மேல கெட்டியாத்தான் இருக்கு.

மாமனார்: மேல வேண்டாம். அங்கயேதான். பக்கத்துல இன்னொரு ஓட்டை போடுங்க.

மாமியார்: உங்க போன் அடிக்குது மாப்பிள்ளை. மேஜை மேல.

மாப்பிள்ளை: அடிக்கட்டும் அத்தை.

மாமியார்: "டீச்சர், கடைசி வீடு"ன்னு வருது.

மாப்பிள்ளை: தெரியும். அப்புறம் பேசிக்கறேன்.

மாமனார்: யாரு, நம்ம பொருளாளர் வீட்டை வாங்கப் போறாங்களே, அந்தம்மாவா? நாளைக்குக் காலையிலதானே பத்திரம். எடுத்துப் பேசுங்களேன். மேப்பைப் போட்டவரே பேசினா ஒரு தெம்பு வரும்.

மாப்பிள்ளை: அதனாலதான் எடுக்கல.

மாமனார்: என்ன?

மாப்பிள்ளை: ஒண்ணுமில்ல... காலையில இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்க அம்மா படுத்த படுக்கை. எழுந்து உட்காரக்கூட ஒருத்தர் தாங்கிப் பிடிக்கணும். அந்த வீட்ல மாடி கிடையாது. கீழ் ரூம்லதான் கட்டில் போடணும்.

மாமனார்: கீழ் ரூம்னா என்ன? நல்ல காத்தோட்டமான ரூம். பொருளாளர் அங்கதான் கேரம் ஆடுவார்.

மாப்பிள்ளை: அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க மாமா. "சார், மேப்பு எனக்குப் புரியாது. உங்க அம்மாவா இருந்தா அந்த ரூம்ல படுக்க வைப்பீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

மாமியார்: நீங்க என்ன சொன்னீங்க?

மாப்பிள்ளை: சிக்னல் இல்லைன்னு சொல்லி வச்சிட்டேன்.

மாமனார்: ஏன்? "வைப்பேன்"னு ஒரு வார்த்தை. மேப்புல வெள்ளைதானே போட்டிருக்கு.

மாப்பிள்ளை: மாமா, நான் இன்னைக்கு ஆணி அடிக்க வரல. அந்தக் கல்லைப் பத்திப் பேச வந்தேன்.

மாமனார்: எந்தக் கல்லு?

மாப்பிள்ளை: நம்ம நகர் கேட்டுக்குப் பக்கத்துல பீடம் கட்டி வச்சிருக்கீங்களே. சர்வே கல்லு.

மாமனார்: அதுவா. அதைப் பத்தியும் நாளைக்குப் பேச்சுல வருது. "காலம் காலமாக இம்மண்ணின் உயரத்துக்குச் சாட்சியாக நிற்கும் கல்..."

மாப்பிள்ளை: காலம் காலமா அங்கயேதான் இருக்கா?

மாமனார்: பின்ன? கல்லு நடந்தா போகும்?

மாமியார்: என்னங்க, தண்ணி டேங்க் மேட்டுல இருந்துச்சே, அந்தக் கல்லா?

மாமனார்: நீ வேற எதையாவது...

மாமியார்: இல்லையே. காலையில நடக்கப் போறப்ப மேடேறி மூச்சு வாங்கினா அதுல உட்காருவேன். எண்ணு வெட்டியிருக்கும், புடவையில கூடக் குத்தும். திடீர்னு ஒரு நாள் காணோம். உட்கார இடமில்லாம அன்னைக்கோட நடக்கறதையே விட்டேன். டாக்டர்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல... அப்புறம் பார்த்தா கேட்ல, பளபளன்னு கிரானைட்டுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கு. நம்மாளு ரிப்பன் வெட்டறார்.

மாமனார்: அங்க கேட்பாரத்துக் கிடந்துச்சு மாப்பிள்ளை. நாய் காலைத் தூக்குது. இவ வேற உட்கார்றா. அரசாங்கத்துக் கல்லு, மரியாதை வேண்டாமா? நாலு பேர் கண்ணுல படற இடத்துக்குக் கொண்டு வந்து வச்சோம். இது ஒரு குத்தமா?

மாப்பிள்ளை: டேங்க் மேட்டுக்கும் கேட்டுக்கும் எவ்வளவு சரிவு மாமா?

மாமனார்: என்ன பெரிய சரிவு...

மாமியார்: மேல இருந்து சைக்கிள்ல உட்கார்ந்தா மிதிக்காமலே கேட்டு வந்துடும். பிரேக் பிடிக்கலன்னா மெயின் ரோடும் வந்துடும்.

மாமனார்: உன்னை யாரு கேட்டா?

மாப்பிள்ளை: என்னைத்தான் கேட்டிருக்கணும் அத்தை. கல்லோட எண்ணைப் பார்த்தா, அது கடல் மட்டத்துல இருந்து எவ்வளவு உயரம்னு எங்க ரெக்கார்டுல இருக்கும். மெஷினை அந்தக் கல்லுல வச்சு ஆரம்பிச்சுத்தான் தெரு, வீடு, வாய்க்கால்னு ஒவ்வொண்ணா அளப்போம். ரெக்கார்டுல கல்லு இன்னும் டேங்க் மேட்டுல இருக்கு. நாங்க அளந்தது கேட்ல இருந்து.

மாமனார்: அதனால?

மாப்பிள்ளை: ஒரு ஆளை அளக்கறப்ப டேப்போட நுனியைக் குதிகால்ல பிடிக்கணும். நாங்க அவர் பக்கத்துல ஒரு குழியைத் தோண்டி அதுக்குள்ள பிடிச்சுட்டோம். குட்டையா இருந்தவர் ஆறடி ஆயிட்டார்.

மாமனார்: ஆறடியா இருக்கிறதுல அவருக்கு என்ன கஷ்டம்?

மாப்பிள்ளை: தண்ணி வர்றப்ப பழையபடி குட்டையாயிடுவார் மாமா.

மாமியார்: அப்போ நம்ம நகர் மேடு இல்லையா?

மாப்பிள்ளை: பழைய மேப்பைவிட மோசம் அத்தை. அது வரைஞ்சப்போ ஏரி முழுசா இருந்துச்சு, வாய்க்கால் அகலமா இருந்துச்சு. இப்போ ஏரியில கல்யாண மண்டபம், வாய்க்கால் மேல பார்க்கிங். தண்ணிக்குப் போக்கிடம் கிடையாது. அதனாலதானே புதுசா வரையச் சொன்னாங்க. மத்த தெரு எல்லாம் நீலமாச்சு. நாம மட்டும் நடுவுல வெள்ளை. தண்ணி நம்ம கேட்டு வரைக்கும் வந்து, போர்டைப் படிச்சுட்டு, மரியாதையா ஒதுங்கிப் போகணும்.

மாமனார்: சரி, கல்லுதான் நகர்ந்துச்சு. இத்தனை பெரிய ஆபீஸ். ஆகாசத்துல சாட்டிலைட் சுத்துதுங்கறாங்க. அது பார்க்காதா? ஒரு கல்லை நகர்த்தினா எல்லாமே கவிழ்ந்துடற மாதிரியா அளக்கறீங்க?

மாமியார்: டீயைக் குடிங்க மாப்பிள்ளை. முகமே சரியில்ல.

மாப்பிள்ளை: சாட்டிலைட் பார்த்துச்சு மாமா.

மாமனார்: பார்த்துச்சா?

மாப்பிள்ளை: கல்லு ஒரு உயரம் சொல்லுது, சாட்டிலைட் வேற உயரம் சொல்லுது. ரெண்டுல எது தப்புன்னு நான் எழுதணும்.

மாமனார்: எழுதினீங்களா?

மாப்பிள்ளை: கல்லுக்கு மேல உங்க பேர் பொறிச்சிருந்துச்சு. தங்க எழுத்துல. கீழ "திறந்து வைத்தவர்"னு... கூட வந்த பசங்க என் மூஞ்சியைப் பார்க்கறாங்க. மாமனார் கல்லு தப்புன்னு எப்படி எழுதறது? சாட்டிலைட் தப்புன்னு எழுதிட்டேன்.

மாமியார்: அது பாட்டுக்கு மேல சுத்திக்கிட்டிருந்துச்சு. அதைப் போய்...

மாப்பிள்ளை: "மரங்கள் மறைத்ததால் ஏற்பட்ட பிழை"ன்னு எழுதினேன்.

மாமியார்: கேட்டுப் பக்கம் மரமே இல்லையே?

மாமனார்: இருந்துச்சு. பீடம் கட்டறப்ப வெட்டிட்டோம்.

மாமியார்: நல்லா இருக்கு. ஒருத்தர் மரத்தை வெட்டியிருக்கார், இன்னொருத்தர் வெட்டின மரத்து மேல பழியைப் போட்டிருக்கார். மாமனார், மருமகன்னா இப்படி இருக்கணும்.

மாப்பிள்ளை: கேலி பண்ணுங்க அத்தை. பண்ண வேண்டியதுதான். ஆபீஸ்ல அந்த ஃபைல் கண்ணுல பட்டாலே எனக்கு உடம்பு கூசுது. நாளைக்கு அதுக்கு மாலை மரியாதை வேற.

மாமனார்: சரி... இப்போ என்ன பண்ணணுங்கறீங்க?

மாப்பிள்ளை: நாளைக்கு ஆபீஸ் மூடற வரைக்கும் பொதுமக்கள் ஆட்சேபணை கொடுக்கலாம். அதுக்கப்புறம் இந்த மேப்பு உறுதியாயிடும், அடுத்த மேப்பு எந்தக் காலத்துல வருமோ. நீங்க ரெண்டு வரி எழுதிக் கொடுங்க மாமா. கல்லை இடம் மாத்தி வச்சோம், மறுபடி அளக்கணும்னு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.

மாமனார்: அதை நீங்களே எழுதிடலாமே?

மாப்பிள்ளை: என் மேப்புக்கு நானே ஆட்சேபணை கொடுக்க ரூல் இல்ல. குடியிருக்கறவங்க கொடுக்கலாம், வீடு வாங்கறவங்க கொடுக்கலாம். தப்புப் பண்ணினவன் கொடுக்க முடியாது.

மாமனார்: முடியாது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: மாமா...

மாமனார்: யோசிச்சுப் பாருங்க. நாளைக்குச் சாயங்காலம் மேடை. மைக் செட்டுக்குச் சொல்லியாச்சு. "நம்மை நீலத்திலிருந்து மீட்டவர்"னு பேனர் கட்டியாச்சு, உங்க போட்டோவோட. நான் மைக்கைப் பிடிச்சு, "அன்பர்களே, நான் கல்லைத் தூக்கிட்டு வந்துட்டேன், நம்ம எல்லாரும் பள்ளத்துல இருக்கோம், டீ சாப்பிட்டுப் போங்க"ன்னு சொல்லவா? அப்புறம் நான் இந்தத் தெருவுல நடமாட முடியுமா?

மாப்பிள்ளை: டீச்சரோட அம்மா கட்டில்ல கிடப்பாங்களே மாமா.

மாமனார்: ஏன் கிடக்கறப்ப தண்ணி வரும்னு நினைக்கறீங்க? மேப்பு, கல்லு எல்லாத்தையும் விடுங்க. போன பெருமழையில நடந்ததைப் பாருங்க. ஊரே முங்குச்சு. நம்ம நகர்ல ஒரு சொட்டு வந்துச்சா? உங்க ஆபீஸ்லயே வீடு வீடா வந்து விசாரிச்சாங்க. எல்லாரும் என்ன சொன்னாங்க?

மாப்பிள்ளை: வரலன்னு சொன்னாங்க.

மாமனார்: அவ்வளவுதானே.

மாப்பிள்ளை: வாசல்லயே நிக்க வச்சுச் சொன்னாங்க மாமா. நானும்தான் கூடப் போனேன். ஒரு வீட்ல கூட "உள்ள வாங்க"ன்னு கூப்பிடல. எப்பவும் கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வைக்கிற பொருளாளர், கதவை முக்கால்வாசி சாத்திக்கிட்டு இடுக்குல இருந்து பதில் சொன்னார்.

மாமனார்: அன்னைக்கு எல்லாருக்கும் வேலை இருந்திருக்கும்.

மாப்பிள்ளை: இருந்துச்சு. எல்லா வீட்லயும் தரை கழுவிக்கிட்டிருந்தாங்க.

மாமியார்: ம்ஹும்... ம்... தொண்டையில ஏதோ...

மாமனார்: தண்ணி குடி.

மாமியார்: தண்ணியைப் பத்தி நீங்க பேசாதீங்க.

மாமனார்: தரை கழுவறது சுத்தம் மாப்பிள்ளை. நம்ம நகர்க்காரங்க சுத்தமானவங்க. ஏன், உங்க வீட்ல இல்லையா? மழைக்கு மறுநாள் பொண்ணுக்குப் போன் பண்ணினா, "தரை கழுவிக்கிட்டிருக்கேன்பா, அப்புறம் பேசறேன்"ங்கறா. அன்னைக்கும் கழுவறா, மறுநாளும் கழுவறா. அப்படியே அவ அம்மா.

மாமியார்: எங்க, அந்த சோபாவை வச்சுக்கிட்டு எப்படித்தான் கழுவறாளோ. நீங்க வாங்கிக் கொடுத்தீங்களே, யானை படுத்த மாதிரி. அத்தனை பெரிய ஹால்ல வைக்காம நடை ரூம்ல கொண்டு போய் சுவரோட ஒட்டிப் போட்டிருக்கா. ஒரு ஆள் ஒருக்களிச்சுத்தான் உள்ள போகணும். "கொஞ்சம் நகர்த்தேண்டி"ன்னா, "அம்மா, அதை யாரும் தொடக் கூடாது"ங்கறா.

மாப்பிள்ளை: ...கனமான சோபா அத்தை.

மாமனார்: நல்ல மரம். உள்ள தேக்கு. சரி, அந்த ஆணி என்னாச்சு?

மாப்பிள்ளை: இன்னொரு ஓட்டையும் போட்டுட்டேன். இங்கயும் கொட்டுது. சுண்ணாம்பு விரல்ல ஈரமா ஒட்டுது பாருங்க.

மாமனார்: கலப்பட சிமென்ட்டு. கொத்தனார் ஏமாத்திட்டான்.

மாப்பிள்ளை: அதே கொத்தனார்தானே மேல் பாதியும் கட்டினார்? மேல கல்லு மாதிரி இருக்கு. முழங்காலுக்குக் கீழ மட்டும் ஏமாத்தினாரா?

மாமனார்: நீங்க ஆணியை அடிக்கவே வேண்டாம். சும்மா சாய்ச்சு வைங்க. இந்த... இந்தப் பெயின்ட்டை யாரும் சுரண்டாம இருந்தா சரி.

மாப்பிள்ளை: இங்க மட்டும் ஏன் மாமா பெயின்ட்டு வேற ஷேடா இருக்கு?

மாமனார்: வெளிச்சம் அப்படி.

மாப்பிள்ளை: லைட்டைப் போடுங்க அத்தை.

மாமனார்: போடாதே.

மாமியார்: போட்டுட்டேன்.

மாப்பிள்ளை: பெயின்ட்டுக்கு அடியில ஏதோ கறை தெரியுதே மாமா.

மாமியார்: மூணு கோட் அடிச்சாச்சு மாப்பிள்ளை. அடிச்ச வாரம் நல்லா இருக்கும், அப்புறம் மெதுவா எட்டிப் பார்க்கும். அலமாரிக்குப் பின்னாடி கொஞ்சம், திரைக்குப் பின்னாடி கொஞ்சம், எல்லாத்தையும் எதையாவது வச்சு மறைச்சுட்டோம். இந்த ஒரு இடம்தான் பாக்கி. அதுக்குத்தான் இவ்வளவு பெரிய மேப்பு.

மாப்பிள்ளை: கோடு சுவர் முழுக்க ஒரே மட்டமா போகுது. எங்க மெஷின்கூட இவ்வளவு நேரா போட்டதில்ல.

மாமனார்: போதும் மாப்பிள்ளை.

மாமியார்: என்ன போதும்? மாப்பிள்ளைதானே, சொல்லிடறேன். பெருமழை அன்னைக்குத் தண்ணி முதல்ல பாத்ரூம் வழியா வந்துச்சு. குழாய் உடைஞ்சிருக்குன்னு நினைச்சு இவர் பிளம்பருக்குப் போன் பண்றார். பேசி முடிக்கறதுக்குள்ள வாசல் வழியாவும் வந்துடுச்சு. நான் அரிசியையும் மாத்திரையையும் தூக்கிக்கிட்டு மாடிப்படியில உட்கார்ந்தேன். இவர் சாப்பாட்டு மேஜை மேல ஏறிட்டார்.

மாமனார்: அதெல்லாம் எதுக்கு இப்போ?

மாமியார்: அப்பப் பார்த்து சங்கத்துக் கூட்டம். எல்லாரும் போன்லயே பேசறாங்க. இவர் மேஜை மேல நின்னுக்கிட்டு, மின்விசிறி தலையில இடிக்காம குனிஞ்சுக்கிட்டு, "நம்ம நகர் மேடான இடம், இங்க ஒரு சொட்டு இல்லை, பத்திரிகைக்காரங்க கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்"ங்கறார். கீழ இவரோட செருப்பு ஒண்ணு சமையல் ரூம் பக்கம் மிதந்து போகுது. இன்னொண்ணு பின்னாலயே போகுது. பொருளாளரும் "ஆமா தலைவரே, இங்கயும் ஒரு சொட்டு இல்லை"ங்கறார். அவர் குரலுக்குப் பின்னால பாத்திரம் ஒண்ணோட ஒண்ணு மோதற சத்தம்.

மாப்பிள்ளை: மாமா, உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சா?

மாமனார்: கேட்டுச்சு.

மாப்பிள்ளை: அப்பவும்...

மாமனார்: பாத்திரம் கழுவறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கணும் இல்ல? எல்லாரும் இல்லைங்கறப்ப நம்ம வீட்ல மட்டும் வந்திருக்குன்னா... தலைவர் வீடு. வெட்கமா இருந்துச்சு மாப்பிள்ளை. தண்ணி வந்தது கூட எனக்குப் பெருசாத் தெரியல. நம்ம ஒருத்தன் வீட்லதான் வந்திருக்குன்னு நினைச்சப்போ, என்னமோ என்கிட்டயே ஏதோ கோளாறுங்கற மாதிரி... விடியறதுக்கு முன்னாடியே எழுந்து பக்கெட்டுல மொண்டு மொண்டு ஊத்தினோம். சத்தம் வராம சாக்கடைக்குள்ள சரிச்சு ஊத்தணும்னு இவகிட்ட சொல்லிக் கொடுத்தேன். எதிர் வீட்டுக்காரர் அப்போ வெளிய வந்தார், அவர் கையிலயும் பக்கெட்டு. "என்ன சார், தரை கழுவலா?"ன்னார். "ஆமா சார். நீங்களும் தரை கழுவலா?"ன்னேன். ரெண்டு பேரும் சுத்தத்தைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசிட்டு உள்ள போனோம்.

மாமியார்: முழங்கால் வரைக்கும் பேன்ட்டு நனைஞ்சிருக்கு, ரெண்டு பேருக்கும்.

மாப்பிள்ளை: அப்போ இந்தச் சுவர் இருக்கறப்பவா எங்க ஆள்கிட்ட வாசல்ல நின்னு "ஒரு சொட்டு இல்லை"ன்னு சொன்னீங்க?

மாமனார்: சொன்னேன்.

மாப்பிள்ளை: அவன் பக்கத்துல நானும் நின்னேன் மாமா.

மாமனார்: அதனாலதான் இன்னும் அழுத்திச் சொன்னேன். உங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவன் நான். "இங்கயே வாங்குங்க, பொண்ணு கூப்பிடு தூரத்துல இருப்பா, மேடான இடம்"னு சொல்லித்தானே வாங்க வச்சேன். என் வீட்லயே தண்ணின்னு உங்க முன்னாடி எப்படிச் சொல்றது? நல்லவேளை, உங்க வீட்டுப் பக்கம் வரலன்னு பொண்ணு சொன்னா. அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி.

மாப்பிள்ளை: நான் என்ன மாமா சொல்றது? உங்களைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

மாமியார்: மறுபடியும் போன். அதே டீச்சர்.

மாமனார்: எடுக்காதீங்க.

மாமியார்: எத்தனை தடவைதான் அந்தம்மா கூப்பிடுவாங்க? விடிஞ்சா பத்திரம். எடுங்க மாப்பிள்ளை.

மாமனார்: எடுத்து என்ன சொல்லுவார்? மேப்புல வெள்ளை, ஆனா வாங்காதீங்கன்னா? ஏன்னு கேட்பாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்பாங்க. அப்புறம் என் சுவருக்குத்தான் வரணும். டீச்சர்னா சும்மாவா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஸ்கூல் முழுக்கத் தெரியும், சாயங்காலம் மேடையில நான்... மாப்பிள்ளை, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இது வரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல.

மாமியார்: பீடத்துக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கச் சொன்னீங்க.

மாமனார்: நீ சும்மா இரு. மாப்பிள்ளை... என் சுவரைப் பத்தி மட்டும் வெளிய சொல்லிடாதீங்க.

மாப்பிள்ளை: உங்க சுவரைப் பத்திச் சொல்ல மாட்டேன் மாமா.

மாமனார்: சத்தியமா?

மாப்பிள்ளை: சத்தியமா. இந்த மேப்பைக் கொஞ்சம் பிடிங்க... அத்தை, போனை இப்படிக் கொடுங்க.

மாமியார்: இந்தாங்க. நின்னுடறதுக்குள்ள எடுங்க.

மாமனார்: எதைச் சொல்லப் போறீங்க அப்போ?

மாப்பிள்ளை: வணக்கம் டீச்சர்... ஆமா, நான்தான். காலையில சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் வச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க... இல்ல. எங்க அம்மாவா இருந்தா அந்த ரூம்ல படுக்க வைக்க மாட்டேன்... மேப்புல வெள்ளைதான். மேப்பு தப்பு... நான் போட்டதுதான். அளக்க ஆரம்பிச்ச கல்லு இடம் மாறியிருந்துச்சு, தெரிஞ்சும் விட்டுட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆட்சேபணை எழுதிக் கொடுங்க. வாங்கறதா இருந்தவங்களும் கொடுக்கலாம்... இல்ல டீச்சர், யாரும் சொல்லல, நான் யார் வீட்டுச் சுவரையும் பார்க்கல... எனக்கு எப்படித் தெரியும்னா... பத்திரத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு ஒரு தடவை வாங்க. வாசல்ல நின்னுடாதீங்க, உள்ள வாங்க. நானும் என் மனைவியும் அந்த சோபாவை நகர்த்திக் காட்டறோம்.